14 பந்துகளும் தோற்க ஆசைப்படும் அணிகளும்

தெருவில் கிரிக்கெட் ஆடுவதற்கு முன் அணி பிரிப்பீர்கள் அல்லவா? இரண்டு கேப்டன்கள் டாஸ் போட்டு, ஆளுக்கு ஒருவராக மாற்றி மாற்றி எடுப்பார்கள். நன்றாக அடிக்கிற நான்கு பேரும் ஒரே பக்கம் போய்விட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். தோற்கிற பக்கத்தில் ஒவ்வொருவராக "எங்கம்மா கூப்பிடுறாங்க" என்று கிளம்பிவிடுவார்கள்.

அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளுக்கும் இதே கவலைதான். யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரிந்துவிட்டால் டிக்கெட் வாங்க ஆள் வராது. 1935இல் பெர்ட் பெல் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். அமெரிக்கக் கால்பந்து லீக்கில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவருடையது. கல்லூரியிலிருந்து புதிதாக வரும் ஆட்டக்காரர்களில் தனக்குப் பிடித்தவரை, கடைசி இடத்தில் இருக்கும் அணி முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அவருடைய அணியே அப்போது தோற்றுக்கொண்டிருந்த அணிதான்! 1936இல் முதல் 'டிராஃப்ட்' நடந்தபோது முதல் வாய்ப்பும் ஈகிள்ஸுக்கே கிடைத்தது. அவர்கள் ஜே பெர்வாங்கர் என்ற வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இந்த முறையைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வும் எடுத்துக்கொண்டது. அங்கே அணிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பார்ப்போமா? ஒரு நாணயம் போதும்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். எல்லா அணிகளும் துல்லியமாகச் சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையாதான். 82 முறை சுண்டினால் ஏறக்குறைய 41 தலை விழும். ஆனால் எல்லோருக்கும் சரியாக 41 விழாது. பெரும்பாலான அணிகள் 32 வெற்றிக்கும் 50 வெற்றிக்கும் நடுவில் நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் வெளியே நழுவலாம். நிஜத்தில் என்ன நடந்தது? 2024-25 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி 68 ஆட்டங்களில் ஜெயித்தது. யூட்டா ஜெயித்தது 17. நாணயம் இப்படியெல்லாம் விழாது.

கூடைப்பந்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணியும் சுமார் நூறு தடவை பந்தைக் கூடையை நோக்கிக் கொண்டுபோகிறது. அத்தனை முயற்சியில், ஒருமுறை தற்செயலாகக் கிடைத்த லாபம் இன்னொருமுறை கழிந்துவிடும், பலம்தான் மிஞ்சும். உலகம் முழுக்க ஆடும் கால்பந்தில் கோல்கள் இரண்டு மூன்றுதான் விழும். ஒரு சறுக்கலில் பெரிய அணியும் கவிழ்ந்துவிடும். இன்னொன்று, கூடைப்பந்துக் களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்தே பேர். அதில் ஒருவர் அபாரமான ஆட்டக்காரர் என்றால் அணியின் தலையெழுத்தே மாறும்.

சிக்கல் பிறப்பதும் இங்கேதான். கடைசியில் வந்தால் அப்படிப்பட்ட ஒருவர் கிடைப்பார் என்றால், சில அணிகளுக்குத் தோற்க ஆசை வராதா?

வந்தது. முதலில் கிழக்குப் பிரிவின் கடைசி அணிக்கும் மேற்குப் பிரிவின் கடைசி அணிக்கும் நாணயம் சுண்டி முதல் வாய்ப்பைக் கொடுத்தார்கள். 1984இல் ஹூஸ்டன் அணி வேண்டுமென்றே தோற்கிறது என்று பேச்சு கிளம்பியது. 1985இல் பின்தங்கிய ஏழு அணிகளின் பெயரை உறைகளில் போட்டுக் குலுக்கினார்கள். எல்லோருக்கும் சமமான வாய்ப்பு. அப்படியானால் படுமோசமான அணிக்கு என்ன உதவி? 1990இல் பந்துகள் வந்தன: கடைசி அணிக்கு 11 பந்து, அதற்கு மேலே 10, அப்படியே குறைந்து ஒன்றுவரை, மொத்தம் 66. 1993இல் ஒரே ஒரு பந்து வைத்திருந்த ஆர்லாண்டோ ஜெயித்துவிட்டது! 41 வெற்றி, 41 தோல்வி கண்ட, ஓரளவு நல்ல அணி அது. மறுபடியும் கணக்கை மாற்றினார்கள்.

இம்முறை வந்த கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்ட 14 டேபிள் டென்னிஸ் பந்துகளை ஓர் இயந்திரத்தில் போட்டு, 20 விநாடி கலக்கி முதல் பந்தை எடுப்பார்கள். பிறகு 10 விநாடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையைத் தூக்கி சைகை செய்வார். பந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது!

நான்கு பந்துகளை 14×13×12×11, அதாவது 24,024 விதமாக எடுக்கலாம். ஆனால் எந்த வரிசையில் வந்தது என்பது முக்கியமில்லை. அதே நான்கு பந்துகள் 24 விதமாக வரிசை மாறி வரும் என்பதால் 24ஆல் வகுத்தால் 1,001. ஒன்று அதிகமாகிவிட்டது. அதனால் 11, 12, 13, 14 சேர்ந்து வந்தால் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். மீதி 1,000 சேர்க்கைகளையும் பின்தங்கிய 14 அணிகளுக்குப் பங்கு பிரித்துவிடலாம். ஆயிரம் பந்துகளைச் சுமக்காமல் ஆயிரம் சீட்டு!

கடைசி அணிக்கு முதலில் 250 சீட்டு கொடுத்தார்கள். தோற்கும் ஆசை தீரவில்லை; 2015-16இல் பிலடெல்பியாவின் கூடைப்பந்து அணி வெறும் 10 ஆட்டங்களில்தான் ஜெயித்தது. 2019இல் அந்த 250ஐக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140 என்று சமமாக்கினார்கள். கடைசியாக வருவதற்கும் கடைசிக்கு இரண்டு இடம் முன்னால் வருவதற்கும் முதல் வாய்ப்பில் வித்தியாசமில்லாமல் போனது. ஆனால், கடைசி மூன்றுக்குள் வந்தால் போதும் என்ற புது ஆசை முளைக்கத்தானே செய்யும்?

2025இல் 18 சீட்டு மட்டும் வைத்திருந்த டல்லாஸ் முதல் வாய்ப்பைப் பிடித்து கூப்பர் ஃபிளாக் என்ற இளைஞரை எடுத்துக்கொண்டது. 17 வெற்றி பெற்ற யூட்டா ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 140 சீட்டோடு ஒரு அணி ஐந்து ஆண்டுகள் காத்திருந்தாலும் ஒருமுறைகூட முதல் வாய்ப்பு விழாமல் போக எவ்வளவு சாத்தியம்? ஓர் ஆண்டில் விழாமல் போகும் சாத்தியம் ஆயிரத்தில் 860, அதாவது 0.86. கால்குலேட்டரில் 0.86ஐ அதே எண்ணோடு பெருக்கிக்கொண்டே போங்கள், மொத்தம் ஐந்து 0.86 வரும்வரை. விடை 0.47. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி!