சட்டப் பட்டமும் வழக்குத் தொழிலும்

சட்டப் பட்டம் பெற்ற அன்றே வழக்காடலாமென மாணவர் சிலர் எண்ணுகின்றனர். இலங்கையிற் பட்டதாரியும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளிற் சித்தியெய்தி, மூத்த சட்டத்தரணியொருவரிடம் ஆறு மாதம் தொழில் பயிலல் வேண்டும். பிரக்கிராசி, நியாயதுரந்தரர் என இருவேறாயிருந்த தொழில் 1974 இல் ஒன்றாயிற்று; உறுதி ஆராய்தலும் மன்றில் வாதித்தலும் அதன்பின் ஒருவர்க்கே உரியன.

கல்முனையில் வயற்காணிப் பங்கு பிரிக்கும் வழக்கொன்றைக் கொள்வோம். ஆதியுரிமையாளர் தொட்டு இன்றைய பங்காளிகள்வரை உரிமை இறங்கியவாற்றை உறுதிகளாற் காட்டல் வேண்டும். ஒருவர் விடுபடினும் வழக்கு இடருறும். மரணசாசனமின்றி இறந்த முஸ்லிமின் காணியாயின், 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இஸ்லாமிய முறையிற் பங்கு கணிக்கவும் அறிதல் வேண்டும். இவை பழைய உறுதிக் கட்டுகளை அவிழ்த்தே கற்கத்தக்கவை.

இங்கு நீதிமன்ற மொழி தமிழ். ‘தம்பிக்கு விற்றார்’ என்பதில் நான்காம் வேற்றுமையுருபு விடுபடின், வாங்கியவர் விற்றவராவர்! தமிழாசிரியராகிய எமது கவலை அது.