மரை சொல்லும் முகவரி

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர்களில் இரண்டு வகை சைக்கிள்கள் கண்ணில் படும். ஞாயிறு அதிகாலையில் பூந்தமல்லிப் பக்கமிருந்து ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பறந்து வருகிறவை ஒரு வகை. கேரியரில் பால் கேனோ புல்லுக்கட்டோ ஏற்றிக்கொண்டு, கம்பி பிரேக் கடகடக்க நிதானமாகப் போகிற இரும்பு சைக்கிள்கள் இன்னொரு வகை. முதலாவதைச் செய்தது யார் என்பதைப் பத்தடி தூரத்திலிருந்தே படித்துவிடலாம்; கம்பெனிப் பெயர் குழாய் நீளத்துக்கு எழுதியிருக்கும். இரண்டாவது நாலைந்து முறை பெயிண்ட் மாறியது. பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. யார் செய்த ஃபிரேம் இது?

பெரும்பாலும் விடை பக்கத்திலேயே, சைக்கிளிலேயே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது. குழாய்க்காக 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. செயினுக்கு 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயின். அன்றைய இங்கிலாந்துக் கம்பெனித் தலைவரின் பெயர் இன்றும் அம்பத்தூரில் புழங்குகிறது. ஆனால் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் சைக்கிள் குழாய்க்காரர் என்று தெரியும்?

ஆனால் ஹெர்குலிஸ் என்பது அம்பத்தூரில் பிறந்த பெயர் அல்ல. 1910-இல் பர்மிங்ஹாமில் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்கு வந்தது. பி.எஸ்.ஏ.வின் கதை இன்னும் சுற்றுவழி. துப்பாக்கி செய்த பர்மிங்ஹாம் கம்பெனி அது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த சின்னம் அதனால்தான். 1957-இல் தன் சைக்கிள் பிரிவை நாட்டிங்ஹாம் கம்பெனியான ராலேயிடம் விற்றது. 1960-இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்குள் வந்துவிட்டது. அந்தத் துப்பாக்கிச் சின்னம் அம்பத்தூர் சைக்கிள்களிலும் ஏறியது. ஆகவே அந்தச் சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் காலத்து ஒரிஜினல் என்று விலை பேசினால் நம்பிவிடக் கூடாது.

ஆளை அடையாளம் காண, எளிதில் கழற்ற முடியாத பாகங்களில் தேட வேண்டும். சீட், பெடல், ஹேண்டில்பார் மூன்றும் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவை. எந்தச் சைக்கிள் கடையிலும் கால் மணியில் மாறிவிடும். செயின் சக்கரம் கொஞ்சம் தேவலை. அதில் நாரைத் தலைகள் வெட்டியிருந்தால் ராலே, விரித்த கை இருந்தால் ரட்ஜ், ஓடும் மனிதர்கள் ஐவர் இருந்தால் ஹம்பர். ஆனால் அதுவும் மாற்றக்கூடிய பாகம்தான்.

கிராங்க் அச்சு சுழலும் குறுக்குக் குழாயை மாற்ற முடியாது. அதற்குள் வெட்டிய மரையை எண்ணிப் பார்த்தால் ஊர் தெரியும். இங்கிலாந்தில் பொதுவாக அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாமில் ராலே மட்டும் பிடிவாதமாக 26 வெட்டியது. ஹம்பரின் சைக்கிள் தொழில் 1932-இல் ராலேயிடம் போன பிறகு, முன் ஃபோர்க்கில் இரட்டைக் குழாய் வைத்த பழைய ஹம்பர் அழகை ராலே விடவில்லை. மரையை மட்டும் தன் வழக்கப்படி மாற்றிக்கொண்டது. பேட்ஜ் ஹம்பர் என்று சொல்லும். மரை நாட்டிங்ஹாம் என்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, சீட் கம்பியை உருவிவிட்டுக் குழாய்க்குள் டார்ச் அடிக்கலாம். தகட்டை உருட்டி, மின்சாரத்தில் பற்றவைத்த குழாயானால் உள்ளே நெடுக ஒரு தழும்பு ஓடும். ஆவடியில் செய்தது இந்த மாதிரிக் குழாய். சுமைக்கும் பள்ளம் மேட்டுக்கும் அது கச்சிதம், கனம்தான் கூட. உயர்ந்த ரக ரேஸ் ஃபிரேம்களில் அந்தத் தழும்பு பெரும்பாலும் இருக்காது. இணைப்பு இல்லாமல் இழுத்த குழாய், இரு முனையிலும் தடிப்பு, நடுவில் மெலிவு என்பது அவற்றின் இலக்கணம். 1897-இல் இந்த உத்திக்குக் காப்புரிமை வாங்கிய ரெனால்ட்ஸ், 1935-இல் 531 என்ற புகழ்பெற்ற குழாயைக் கொண்டுவந்தது. அந்த ரெனால்ட்ஸும் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்கு வந்த கம்பெனிதான். டூர் டி பிரான்ஸ் ஜெயித்த குழாயும் ஏரிக்கரையில் புல்லுக்கட்டு சுமக்கும் ஹெர்குலிஸும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

இத்தாலி ஃபிரேம் கையில் கிடைத்தால் விளையாட்டு கடினமாகிறது. பெயிண்ட் போன ஒரு ரேஸ் ஃபிரேமின் பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ‘காம்பன்யோலோ’ என்று பொறித்திருக்கும். வாங்கியவர் துள்ளிக் குதிப்பார். 1933-இல் விச்சென்சாவில் தொடங்கிய காம்பன்யோலோ அந்த இரும்புத் துண்டைச் செய்து உலகம் முழுக்க விற்றது, அவ்வளவுதான். ஃபிரேமை ஒட்டியது வேறு ஆள். கொலம்பஸ் ஸ்டிக்கரும் அப்படியே. மிலான் குழாய்க் கம்பெனியின் பெயர் அது. அதன் எஸ்.எல். குழாய் முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. ஃபோர்க்கைக் கழற்றித் தண்டுக்குள் பார்த்தால், அடிப்பக்கம் திருகிச் செல்லும் வரிகள் தெரியும். குழாய் கொலம்பஸ் என்பதற்கு ஸ்டிக்கரைவிட நல்ல சாட்சி அது.

இங்கேயும் மரை உதவும். இத்தாலி மரை 36 மில்லிமீட்டர் விட்டம், குறுக்குக் குழாய் 70 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் வலது மரை. இங்கிலாந்துக் குழாய் 68 மில்லிமீட்டர். மரை விட்டம் 1.37 அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செயின் பக்கம் மட்டும் இடது மரை. மிதிக்க மிதிக்க, குண்டு உருளும் போக்கில், அதைத் தாங்கிக் குறுக்குக் குழாயில் திருகியிருக்கும் கப், அச்சுக்கு எதிர்ப்பக்கமாக நகரப் பார்க்கும். இங்கிலாந்துக்காரர் அதை இறுக்கமாக மாற்றிக்கொண்டார். இத்தாலிக்காரர் தளராமல் இருக்க முறுக்கி இறுக்கிவிட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டார். ஒரு பொறியும் உண்டு. தேய்ந்துபோன இங்கிலாந்து மரையைப் பெரிதாக வெட்டி இத்தாலி மரையாக்குவது பழைய ரிப்பேர் வழக்கம். அகலத்தையும் அளக்காமல் தீர்ப்புச் சொன்னால் பர்மிங்ஹாம்காரர் மிலான்காரராகிவிடுவார்.

இதற்குப் பிறகுதான் கைவேலை. குழாய்கள் சேரும் லக்குகளின் வெட்டு, சீட்டுக்குக் கீழே பின்குழாய்கள் முடியும் விதம், ஃபோர்க் தோளின் சரிவு எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். கொல்னாகோ என்றால் கிளாவர் இலை, டி ரோசா என்றால் இதயம் என்று உலோகத்திலேயே பொறித்துவிட்டவர்களால் தொல்லை இல்லை. பெயர் போடாமல் அடுத்தவருக்குச் செய்துகொடுத்தவர்கள்தான் தலைவலி. 1972 அக்டோபர் 25-ஆம் தேதி மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். சைக்கிளைச் செய்தவர் எர்னெஸ்டோ கொல்னாகோ. குழாயில் எழுதியிருந்த பெயரோ வின்ட்சர், ஒரு மெக்சிகோ கம்பெனி! படங்கள் எடுத்து, உலகமே பார்த்த சைக்கிளுக்கே இந்த நிலை.

ஏரிக்கரை சைக்கிளுக்கும் இத்தாலிச் சைக்கிளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: புது பெயிண்ட் அடிக்கும் முன் முன்குழாயைப் பார்த்துவிட வேண்டும். தகட்டு பேட்ஜ் விழுந்துபோனாலும், அதை அறைந்த ரிவெட் ஓட்டைகள் இருக்கும். அவை மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று குறித்துக்கொண்டு, பெயர் தெரிந்த சைக்கிள்களின் பேட்ஜோடு ஒப்பிட்டால் பாதிக் கம்பெனிகள் கழிந்துவிடும். பெயிண்டர் பட்டி பூசித் தேய்த்துவிட்டால் அதுவும் போச்சு.