விபத்தின் கணக்கு – 9: ‘தொழில்: கூலி’

சென்ற வாரம் மருத்துவமனை ரசீதுகளைக் கூட்டினோம். விபத்து இழப்பீட்டில் அதுதான் சுலபமான பகுதி. ரசீது இருந்தால் பணம், தொலைந்திருந்தால் வாதம். சிக்கல் அதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போகும் பணத்துக்கு ரசீது ஏது?

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவர் நாமக்கல் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதாக வைத்துக்கொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், பின்னால் உட்கார்ந்து போன பைக் மீது வண்டி மோதி, வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள், நடக்கிறார். ஆனால் கால் மடங்காது. வக்கீல் அலுவலகத்தில் பெயர், வயது, ஊர் என்று எழுதிக்கொண்டே வருபவரின் பேனா ‘தொழில்’ என்ற இடத்துக்கு வந்ததும் யோசிக்காமல் ‘கூலி’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். பொய் இல்லை. ஆனால் மனுவிலேயே விலை அதிகமான எழுத்துப்பிழை அதுதான் என்பேன்.

ஏனென்று தெரிய அந்த ஊரின் ஒரு வருடத்தைப் பார்க்க வேண்டும். மலையில் சில்வர் ஓக் மரங்கள் நிழலுக்கு மட்டும் நிற்கவில்லை; மிளகுக் கொடி ஏறுவதற்காக நிற்கின்றன. கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரத்துக்கு மனிதனும் போக வேண்டும். தை, மாசியில் ஏணியைச் சாத்தி, ஒரு காலைக் கண்ணில் அழுத்தி, மறு காலை மரத்தில் உதைத்து, இடுப்பில் கட்டிய பைக்குள் சரம் சரமாகப் பறித்துப் போடுவார்கள். மழைக்கு முன் அதே மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது தனி வேலை. மார்கழியை ஒட்டிக் காப்பிப் பழம். கோடையில் பலா: மரத்திலேறிக் கயிறு கட்டி இறக்க வேண்டிய கனம். சரிவுகளில் அன்னாசி, குச்சிக்கிழங்கு. சொந்தக் காட்டில் கொஞ்சம் சாமை. எல்லாம் முடிந்தால் சோளக்காடு சந்தைக்குச் சுமை. இத்தனையும் ஒரே ஆள் செய்வது. மரம் ஏறுகிறவருக்கும் கீழே நின்று பொறுக்குகிறவருக்கும் கூலி ஒன்றல்ல. அந்த வித்தியாசம்தான் உடைந்த கணுக்காலின் விலை. ‘கூலி’ என்ற இரண்டெழுத்து அதை விழுங்கிவிடுகிறது.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“மாசம் இவ்வளவு சம்பாதிச்சதா சொல்றீங்களே, அதுக்கு ஆதாரம் ஏதாவது தாக்கல் பண்ணிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

அந்த ‘இல்லீங்க’வோடு வழக்கு தோற்றுவிட்டதாக மனுதாரரும் நினைத்துக்கொள்கிறார், சில சமயம் அவருடைய வக்கீலும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2004-ல் பெங்களூருவில் விபத்தில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு 2011-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவர் மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்திருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி 100-லிருந்து 150 வரை இருந்ததே, இதில் நம்ப முடியாதது என்ன என்று கேட்டு 4,500-ஐயே ஏற்றது உச்ச நீதிமன்றம். 2008-ல் விபத்தில் ஒரு காலை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரியின் வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: அமைப்புசாராத் தொழில் செய்பவரிடம் வருமானத்துக்குக் காகிதம் கேட்பதே பொருந்தாது. உயர் நீதிமன்றம் 3,500 என்று வைத்திருந்த அவருடைய மாத வருமானம் 6,500 ஆயிற்று.

ஆக, காகிதம் இல்லாதது குற்றமில்லை. சொல்லாமல் விடுவதுதான் நஷ்டம். காகிதம் கேட்காத நீதிமன்றம் நம்பத் தகுந்த சாட்சியத்தைக் கேட்கும். மிளகு பறிக்க ஆள் கூப்பிட்ட தோட்டக்காரர் வந்து, இவர் ஏறுகிற ஆள், ஏறுகிறவருக்கு இன்ன கூலி, வருடத்தில் இத்தனை மாதம் வேலை என்று கூண்டில் நின்று சொன்னால் அது சாட்சியம். சந்தையில் மிளகு வாங்கிய வியாபாரியின் சிட்டை இருந்தால் அதுவும் சாட்சியம்தான். மலையிலிருந்து இறங்கி வந்து வாய்தாவுக்கு வாய்தா காத்திருக்க அந்தத் தோட்டக்காரருக்குப் பொறுமை இருக்குமா என்பது வேறு விஷயம்.

வருமானம் முடிவானதும் பெருக்கல். இந்த முறையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. வேல்ஸ் நிலக்கரி நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில் 1942-ல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பு அது. இந்தியாவில் 1990-களில், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் இதுவே சரியான வழி என்று நிலைநிறுத்தியது. எந்த வயதுக்கு எந்த எண் என்பதில் அதற்குப் பிறகும் தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் குழப்பம். 2009-ல் சரளா வர்மா வழக்கின் தீர்ப்பு ஒரு பட்டியல் போட்டு அதை முடித்துவைத்தது: 25 வயது வரை 18, பிறகு ஐந்து வயதுக்கு ஒன்றாக இறங்கி 31–35-க்கு 16, 46–50-க்கு 13, ஐம்பதைத் தாண்டினால் இறக்கம் வேகமாகி 56–60-க்கு 9, 65-க்கு மேல் 5.

நம் ஆள் வயது 34. அறுபது வரை உழைத்தால் இன்னும் 26 ஆண்டு. அப்படியிருக்க ஏன் 16 ஆண்டுப் பணம் மட்டும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. மொத்தப் பணமும் இன்றே கைக்கு வருவதால் அது வட்டி ஈட்டும் என்பதே பதில். ஆண்டுக்கு 4 சதவீத வட்டியை வைத்து நானே போட்டுப் பார்த்தேன்: 26 ஆண்டுக்கு வருடம் ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டே போக, இன்று 15 ரூபாய் 98 காசு வேண்டும். பட்டியலின் 16 கிட்டத்தட்ட அதுதான். இங்கிலாந்தில் இதற்கு ஆக்டன் அட்டவணைகள் என்ற பெரிய நூலே இருக்கிறது. வட்டி விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. 2017-ல் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.75 சதவீதத்துக்கு இறக்கியபோது அங்கே இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அலறின. நம் பட்டியல் 2009-லிருந்து அசையவில்லை. கல்லில் செதுக்கியதுபோல் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: நிபுணரை அழைத்துவர வசதியில்லாத மனுதாரருக்கும் அதே எண்தான்.

பெருக்குவதற்கு முன் ஒரு கூட்டல் இருக்கிறது. கூலியும் விலைவாசியும் ஏறிக்கொண்டே போகும் என்பதால், 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரணாய் சேத்தி வழக்கில் ஒரு விகிதம் வகுத்தது. சுயதொழில் செய்பவருக்கு 40 வயதுக்குக் கீழே என்றால் வருமானத்தில் 40 சதவீதம் கூட்ட வேண்டும், 40–50-க்கு 25, 50–60-க்கு 10. அது மரண வழக்கு என்பதால், உயிரோடு இருப்பவருக்கு இந்தக் கூட்டல் கிடையாது என்று இன்சூரன்ஸ் தரப்பு கொஞ்ச காலம் வாதாடியது. இரண்டு கைகளும் செயலிழந்துபோன ஒரு தச்சரின் வழக்கில் 2018-லும், வலது கையை இழந்த ஒரு டைப்பிஸ்ட்டின் வழக்கில் 2020-லும் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் திறந்துவிட்டது. காயம்பட்டவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இறந்தவரின் வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கழிப்பார்கள். உயிரோடு இருப்பவர் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். அவருக்குக் கழிவு இல்லை.

இப்போது கணக்கு. மாத வருமானம் 12,000 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 40 சதவீதம் சேர்த்தால் 16,800. வருடத்துக்கு 2,01,600. பதினாறால் பெருக்கினால் 32,25,600. முழுதும் முடங்கிவிட்டால் கிடைக்க வேண்டிய தொகை இது. நம் ஆள் முழுதும் முடங்கவில்லை. அப்படியானால் இதில் எத்தனை சதவீதம்?

முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. மருத்துவர் சான்றிதழில் ‘வலது காலில் 40 சதவீத ஊனம்’ என்று எழுதுகிறார். அது காலுக்கு. முழு உடம்புக்கு என்று பார்த்தால் 20 என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது: சம்பாதிக்கும் திறன் போனதாக நிரூபிக்கப்படாவிட்டால் பெருக்கெண் முறைக்கே போகாமல், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று கொடுத்துவிடுவது. சதவீதத்துக்கு 5,000 என்றால் நம் ஆளுக்கு ஒரு லட்சம். பெருக்கெண் முறையில் அதே 20 சதவீதத்தை அப்படியே எடுத்தால் 6,45,120. ஏற முடியாத ஆளுக்கு வருமானத்தில் 60 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 19,35,360. ஒரே கணுக்கால், ஒரே சான்றிதழ். ஒரு லட்சத்திலிருந்து பத்தொன்பது லட்சம் வரை.

மூன்றாவது தொகை பேராசை இல்லை. 2010-ல் வந்த ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு இதைத்தான் பொறுமையாக விளக்குகிறது. இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று மருத்துவர் சொல்லலாம். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ அது நூறு சதவீத வருமான இழப்பு. அதே கை அரசு அலுவலக எழுத்தருக்குப் போனால், வேலை நீடிக்கும் பட்சத்தில், வருமான இழப்பே இல்லாமலும் போகலாம். முதலில் அவர் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, பிழைக்க வேறு வழி உண்டா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. மேலே சொன்ன காய்கறி வியாபாரிக்கு 85 சதவீதம் என்று நீதிமன்றம் முடிவு செய்ததும் இந்த வழியில்தான்.

இதையெல்லாம் பார்க்க வேண்டிய நீதிபதி மிளகு பறிப்பதைப் பார்த்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறையில் வெல்டருக்குக் கண் போனால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணுக்கால் மடங்காவிட்டால் ஏணிக்கண்ணில் பாதம் நிற்காது என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. அதை மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது வக்கீலின் வேலை. ‘இவரால் மரம் ஏற முடியுமா?’ என்ற ஒரு கேள்வி மருத்துவரிடம் கேட்கப்பட்டு, ‘முடியாது’ என்ற பதில் பதிவானால், பல லட்சம் ரூபாய் அந்த வரியில் இருக்கிறது. மனுவில் ‘கூலி’ என்று மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது.

சொந்தக் காடு வைத்திருப்பவர் என்றால் வேறொரு தடை. நிலம் அப்படியேதானே இருக்கிறது, மிளகு காய்க்கத்தானே செய்யும், இதில் என்ன இழப்பு என்பார்கள். வாதத்தில் பாதி நியாயம் உண்டு. நிலத்தின் விளைச்சல் அத்தனையையும் இழப்பில் சேர்க்க முடியாது, மேற்பார்வை செய்த உழைப்பு போனதற்குத்தான் தொகை என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மேற்பார்வை என்பது நாற்காலி போட்டு உட்காரும் பெரும்பண்ணைக்காரரின் சொல். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மலைக்காட்டில் உடையவரே ஏறுகிறார், உடையவரே சுமக்கிறார். இனிமேல் ஒவ்வொரு பருவத்துக்கும் ஆள் வைத்துக் கொடுக்க வேண்டிய கூலிதான் அவருடைய இழப்பு. அப்படிக் கேட்டால் கணக்கு நேராகிவிடும்.

வீட்டில் இருப்பவரின் கணக்கு பெரும்பாலும் போடப்படாமலே போகிறது. கணவன் படுத்த மாதங்களில் மனைவியும் வேலைக்குப் போவதில்லை. ‘உடனிருந்தவர் செலவு’ என்று ஒரு சின்னத் தொகையோடு அது முடிந்துவிடும். பெரிய ஊனத்தில் அப்படி முடிக்கக் கூடாது என்பதற்கு 2020-ன் ஒரு தீர்ப்பு இருக்கிறது: 12 வயதில் விபத்தில் முற்றிலும் முடங்கிப்போன சிறுமிக்கு, இரண்டு பராமரிப்பாளர்கள், ஆளுக்கு மாதம் 5,000, பெருக்கெண் 18 என்று போட்டு, பராமரிப்புக்கு மட்டும் 21,60,000 கொடுத்தார்கள். அடிபட்டதே மனைவி என்றால், ‘இல்லத்தரசி’ என்று எழுதி வருமானம் பூஜ்யம் என்று விடுவதற்கும் இப்போது வழியில்லை. வீட்டுவேலைக்கும் வருமானம் நிர்ணயிக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் வலியுறுத்திய உச்ச நீதிமன்றம், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக்காட்டியது: கூலியில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆலத்தூர் நாட்டில் இதற்கு மேல் காட்டுவேலையும் உண்டு. இரண்டையும் கேட்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் பைக்கில் போனவருக்கு. மலையில் எல்லோரும் பைக்கிலும் பஸ்ஸிலும் மட்டுமா போகிறார்கள்? சந்தை நாளில் லோடு வண்டியின் பின்னால், பலாப்பழ மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போகிறவர் அடிபட்டால், 19 லட்சம் என்று தீர்ப்பு வந்தாலும் கட்டுவது யார் என்ற கேள்வி எழும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் 1994-ல் வந்த திருத்தத்தின்படி சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. வண்டியில் இருந்தது அவருடைய பலாப்பழமா, வேறொருவருடையதா? வாழவந்தி நாடு காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதும் அன்றே இந்தக் கேள்விக்குப் பதில் பதிவாகிவிடுகிறது. பெரும்பாலும் யாரும் கவனிக்காமல். அது அடுத்த வாரம்.

(தொடரும்)