நாற்பது மூட்டைத் தீவனம், இரண்டு அரிசி எடை நஞ்சு: தெரியுமா?

அம்பத்தூர் மார்க்கெட்டில் இறால் வாங்கிவந்து தலையைத் திருகி எறிகிறோமே, அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இறாலின் இதயமே அங்கேதான்! வயிறும் அங்கேதான். கல்லீரல் வேலையையும் கணைய வேலையையும் ஒன்றாகப் பார்க்கும் பழுப்பு நிற உறுப்பும் அங்கேதான். ஹெப்பட்டோபேன்கிரியாஸ் என்று வாய் நிறையப் பெயர். தீவனத்தில் வரும் பூஞ்சை நஞ்சு முதலில் கைவைப்பது இதில்தான்.

ஆவடி, பூந்தமல்லிக்காரர்களே, இறால் வளர்ப்பு ஏதோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரம்தான் பழவேற்காடு. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. (அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. இறால் அதையெல்லாம் பார்த்தா லாரி ஏறுகிறது?)

கடல் பிராணிக்கு வயலிலிருந்து நஞ்சு வருவது எப்படி? இறால் தீவனத்தில் மீன்தூள் மட்டும் இல்லை. சோயாப் புண்ணாக்கு, கோதுமை மாவு எல்லாம் உண்டு. அவற்றோடு தொற்றிக்கொண்டு வருகிறது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை. 30 டிகிரி வெப்பமும் கொஞ்சம் ஈரமும் போதும், கொண்டாட்டம்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் கிடங்குகளில் இரண்டுக்கும் பஞ்சமா என்ன!

அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்ததே ஒரு துப்பறியும் கதை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடமடவென்று செத்து விழுந்தன. காரணம் புரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் மாட்டியது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அதிலிருந்த நஞ்சுகளில், புற ஊதா ஒளியில் நீலமாக மின்னியதற்கு பி, பச்சையாக மின்னியதற்கு ஜி என்று பெயரிட்டார்கள். இவற்றில் பி1 தான் மகா பொல்லாதது.

எவ்வளவு பொல்லாதது? ஒரு டன் தீவனத்தில், அதாவது 25 கிலோ மூட்டை நாற்பதில், வெறும் 50 மில்லிகிராம் பி1 கலந்திருந்தாலே வெனாமி இறாலின் அந்தப் பழுப்பு உறுப்பில் திசுச் சிதைவு தென்பட்டிருக்கிறது. இரண்டு அரிசி எடை, அவ்வளவுதான்! தாய்லாந்தில் கருப்பு இறாலுக்கு டன்னுக்கு 2,500 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். உச்ச அளவில், எட்டு வாரத்தில், நூற்றுக்கு 26 இறால்தான் மிஞ்சின. இது ஆய்வுக்கூடக் கணக்கு. குட்டையில் இப்படிக் கொத்தாகச் சாகாது. தீவனம் இறங்கிக்கொண்டே இருக்கும், எடை ஏறாது. எதிர்ப்புச் சக்தி குறையும். பண்ணைக்காரர் குஞ்சைத் திட்டுவார், தண்ணீரைத் திட்டுவார். மூட்டையை யார் சந்தேகப்படுகிறார்கள்?

நம் நாட்டு இறால் தீவனங்களிலும் அஃப்ளாடாக்சின் இருந்ததை ஆய்வாளர்கள் 2012-லேயே எழுதிவிட்டார்கள்.

சூட்டில் போய்விடாதா? போகாது! தீவனக் குச்சி தயாராகும் நீராவிச் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான். அஃப்ளாடாக்சின் சிதைய 260-க்கும் மேல் வேண்டும். பூஞ்சை செத்துவிடும், நஞ்சு உட்கார்ந்திருக்கும். அதனால் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் தீவனத்தையும் நம்ப முடியாது. பென்டோனைட் என்ற களிமண் இந்த நஞ்சைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் கோதுமையில் வரும் டியாக்சினிவலினால் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சிடம் அதன் ஜம்பம் சாயாது. மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்கி, பழைய மூட்டையை முதலில் காலிசெய்வதுதான் மலிவான மருந்து.

பூசணம் பிடித்த மூட்டையை மாட்டுக்குப் போட்டுவிடலாமே என்கிறீர்களா? ஐயோ, வேண்டாம்! மாட்டின் உடம்பில் பி1 போனால் பாலில் எம்1 ஆக வரும். 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. வரம்பை மீறிய எம்1 இருந்தவை 368. எண்ணிக்கையில் எந்த மாநிலத்தில் அதிகம் தெரியுமா? தமிழ்நாட்டில்தான்: 551-ல் 88!