கலப்பிசையும் மாதங்கி அம்மையாரும்

இசையொன்றைக் கேட்குமுன் அதன் மரபு யாது, பயிற்றிய ஆசிரியர் யாவர் என்று வினவுதல் நம்மனோர் வழக்கம். மரபு பல கலந்ததனை இழிந்ததெனத் தள்ளுவாரும் உளர். அக்கொள்கை பொருந்துமோ என்பதை, எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த ஆங்கில நாட்டு ராப் பாடகியார் மாதங்கி அருட்பிரகாசம் அவர்களின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

ராப் என்பது பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டதோர் நடை. தாளத்தின்மேல் இயைபு செறிந்த சொற்களை விரைந்து உரைப்பதே அதன் இலக்கணம். நியூயார்க் நகரத்து எளிய மக்களிடையே 1970-களில் வளர்ந்த இக்கலைக்கு வீணையும் வேண்டா, குருகுலமும் வேண்டா. பழைய இசைத்தட்டுக்களின் துண்டுகளும் கூரிய நாவுமே முதற்பொருள்.

அம்மையார் 1975-ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்து, ஆறு திங்கட் குழவியாய் யாழ்ப்பாணம் சென்றார். தந்தையார் அருளர் ஈழப் போராட்ட இயக்கத்தில் ஈடுபட்டுக் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். போர் மூண்டமையால், 1986-இல் தாயார் கலா அம்மையார் மக்கள் மூவருடன் அகதியாய் இலண்டன் மீண்டு, தையற்றொழிலால் அவர்களைக் காத்தார். மாதங்கி ஆங்கிலம் கற்றதும் அதன் பின்னரே.

அவர் முறையாகப் பயின்றது இசையன்று. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படமுமே. ஒரு குழுவினரின் இசைப்பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றவிடத்து, ரோலண்ட் எம்.சி.-505 என்னும் மின்தாளக் கருவி அவருக்கு அறிமுகமாயிற்று. அதனைத் தாமே இயக்கிப் பழகிப் பாட்டுக்கள் அமைத்தார். 'கலாங்' என்னும் பாட்டு 2003-இல் 500 இசைத்தட்டுக்களாக மட்டும் வெளிவந்தது. ஜமெய்க்கா நாட்டு ஆட்டத்தாளமும் இலண்டன் தெருப்பேச்சும் அதன்கண் விரவிநின்றன. 2005-இல் தந்தையார் பெயரால் 'அருளர்' என்னும் தொகுதியும், 2007-இல் தாயார் பெயரால் 'கலா' என்னும் தொகுதியும் வெளியாயின.

'கலா' பிறந்த வகை குறிக்கத்தக்கது. அமெரிக்க நுழைவுரிமை தடைப்படவே, அம்மையார் இந்தியா, டிரினிடாட், லைபீரியா முதலிய நாடுகளுக்குச் சென்று ஒலிகளைத் திரட்டினார். நம் ஊர்த் திருவிழாக்களில் முழங்கும் உறுமிமேளம் அவர்தம் பாட்டுக்களிற் புகுந்தது அவ்வாறே. அத்தொகுதியிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டு, கிளாஷ் குழுவினரின் 1982-ஆம் ஆண்டு இசைத்துண்டொன்றின்மேல் எழுந்தது. குடியேறி வந்தோரைக் கள்வரென ஐயுறும் மனப்பான்மையை எள்ளுமாறு, துப்பாக்கி வெடியோசையும் கடைப் பணப்பெட்டியின் ஒலியும் அதில் தாளமாய் அமைந்தன. 2008-இல் அது அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் எய்தியது.

பிறர் ஒலியை எடுத்தாளுதல் களவன்றோ எனின், அன்று. கிளாஷ் குழுவினர் பெயரும் அப்பாட்டின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றுள்ளது. கொண்டதை ஒளிப்பது களவு. கொண்டதைக் காட்டிப் புதுப்பொருள் தருவது கலை. தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டார் என்று அம்மையாரைப் புகழுங்காலும் இதனை மறத்தலாகாது. டிப்ளோ, சுவிட்ச் முதலிய இசையமைப்பாளர் துணைநின்றனர். பல நாட்டார் தாளம் ஈந்தனர். அவருடையது, எதனை எதனோடு இணைப்பது என்னும் தெரிவும், இணைக்கத் துணிந்த நெஞ்சுமே. வேரிழந்தார் ஒருவர்க்குக் கலப்பு குறையன்று. கிடைத்தவற்றைக் கொண்டு தமக்கோர் இல்லம் எடுக்கும் வழியாம்.

2019-இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அறிவித்தது. அத்தகைய விருதுப் பதக்கங்களைக் கையால் தைப்பது, அகதியாய் வந்த தம் தாயாருக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று என்றும், அவர் அதனை முப்பது ஆண்டளவும் செய்தார் என்றும் அம்மையாரே தெரிவித்துள்ளார். தாயார் நாடாவைத் தைத்தார். மகளார் ஒலிகளைத் தைத்தார். இவற்றுள் எது உயர்ந்த தொழில் என்று துணிதல் நமக்கு அரிதாகவே உள்ளது.