கேளா ஒலியும் கேட்கும் இசையும்

களையை நீக்கினாலன்றிப் பயிர் செழிப்பதில்லை. ஒலியியலிலும் இவ்வுண்மை உண்டென்பதை என் வீட்டு இசைத்தட்டுக் கருவியே எனக்குக் கற்பித்தது.

ஒருநாள் மிருதங்க இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். தொப்பியின் நாதம் கலங்கிக் கேட்டது. மந்தர ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினேன், கலக்கம் மிகுந்தது. ஒலிபெருக்கியின் முன்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் பெரிதாக அசைந்துகொண்டிருந்தது. வாத்தியம் ஓய்ந்த இடங்களிலும் அவ்வசைவு ஓயவில்லை. செவிக்கோ ஒன்றும் எட்டவில்லை.

காரணம் யாது? மனிதச் செவி உணர்வது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே. 20-க்குக் குறைந்தவை குற்றொலிகள். என் இசைத்தட்டு வெயிலில் நெளிந்தது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் அத்தட்டில், ஒரு நெளிவின்மீது ஊசி 1.8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சிறு நெளிவுகள் பலவாயின் அதிர்வெண் சற்று உயரும். ஊசியைத் தாங்கும் கை ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்வதால், அதனை அண்டிய அதிர்வுகள் மேலும் பெருகும். இசைத்தட்டில் மந்தர ஒலியைக் குறைத்தே பதிவதால், கேட்கும்போது பெருக்கி அதனை உயர்த்துகிறது. குற்றொலியும் உடன் உயர்கிறது. கூம்பின் அசைவுக்கு ஓர் எல்லை உண்டு. அதனைக் கேளா ஒலியே கவர்ந்துகொண்டால் இசை கலங்காது என் செய்யும்?

இதற்கு மருந்து குற்றொலி வடிப்பான். அதிர்வெண் குறையக் குறைய மின்தேக்கி மின்னோட்டத்தை மிகுதியாகத் தடுக்கும். வடிப்பானின் அடிப்படை அவ்வியல்பே. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகுந்தோறும் 18 டெசிபெல் குறைக்கும் வடிப்பானைக் கொள்வோம். அதில் 10 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். 5 ஹெர்ட்ஸில் அறுபத்துநான்கில் ஒரு பங்காகும். பியானோவின் மிகத் தாழ்ந்த சுரமே 27.5 ஹெர்ட்ஸ். பெரிய ஆர்கன் குழல்கள் சிலவே 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆதலின் நாம் இழப்பது மிகச் சிறிது.

என் பெருக்கியில் அவ்வடிப்பானுக்குரிய பொத்தான் ஏற்கெனவே இருந்தது! அதனை அழுத்தினேன். கூம்பு அடங்கிற்று, தொப்பியின் நாதம் தெளிந்தது. வடிப்பான் மந்தர ஒலியைச் சிறிதும் கூட்டவில்லை. அதற்குரிய இடத்தை மீட்டுத் தந்தது. குமிழைத் திருகியபோது நான் வளர்த்தது நோயையே. எதையும் கூட்டுமுன், கழிக்கவேண்டியது யாது என்று ஆராய்வீர்களாக!