செந்நெறிக் கித்தார் வலக்கை நுட்பம்

செந்நெறிக் கித்தார் வலக்கை நுட்பம் என்பது, செந்நெறிக் கித்தாரின் ஆறு தந்திகளையும் வலக்கை விரல்களால் மீட்டி ஒலியெழுப்பும் முறைகளின் தொகுப்பு ஆகும். மின்கித்தார் வாசிப்போர் பலர் மீட்டுவில்லை ஒன்றைக் கையில் பிடித்து வாசிப்பர். செந்நெறிக் கித்தாரில் விரல்நுனித் தசையும் நகமுமே மீட்டுகருவிகள். எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை இடக்கை தீர்மானிக்கிறது. அச்சுரம் எப்போது தொடங்கும், எவ்வளவு வலிமையாக ஒலிக்கும், அதன் ஒலிநிறம் எவ்வாறு இருக்கும் என்பவை பெரும்பாலும் வலக்கையைப் பொறுத்தவை.

வலக்கையின் வேகத்தை வளர்ப்பது இக்கருவியைக் கற்போர் எதிர்கொள்ளும் கடினமான பணிகளுள் ஒன்று. விரலை மேலும் வலிமையாக இழுத்தால் வேகம் கூடும் என்று தொடக்கநிலை மாணவர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில், மீட்டி முடித்த விரல் உடனே தளர்வதும், அடுத்த விரல் உரிய நேரத்திற்கு முன்பே தயாராக இருப்பதுமே வேகத்தின் அடிப்படைகள் ஆகும்.

விரல்களும் குறியீடுகளும்

வலக்கை விரல்கள் அவற்றின் எசுப்பானியப் பெயர்களின் முதலெழுத்துகளால் இசைத்தாளில் குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை தமிழ் எழுத்தில் பின்வருமாறு தரப்படுகின்றன:

- பு – புல்கார், பெருவிரல்
- இ – இந்திசே, சுட்டுவிரல்
- மெ – மெதியோ, நடுவிரல்
- அ – அனுலார், மோதிரவிரல்

சுண்டுவிரல் பொதுவாகத் தனிச் சுரங்களை மீட்டப் பயன்படுவதில்லை. தந்திகள் ஒலியில் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை 1 முதல் 6 வரை எண்ணிடப்படுகின்றன. இயல்பு நிலையில் பெருவிரல் 6, 5, 4 ஆகிய தாழ்தந்திகளையும், இ, மெ, அ ஆகியவை முறையே 3, 2, 1 ஆகிய தந்திகளையும் கவனிக்கின்றன. இசையின் தேவைக்கேற்ப இப்பங்கீடு மாறும்.

கையின் நிலை

வாசிப்பவர் வழக்கமாக இடக்காலைச் சிறு மிதிபலகையின் மீது வைத்து, அந்தத் தொடையின் மேல் கித்தாரை அமர்த்துவார். வலது முன்னங்கை கித்தாரின் மேல் விளிம்பில் அழுத்தமின்றித் தங்கியிருக்கும். மணிக்கட்டு அதிகமாக வளையாமல், ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். விரல்களை மடக்கும் முதன்மையான தசைகள் முன்னங்கையில் உள்ளன. அவற்றின் இழுவிசை தசைநாண்கள் வழியாக மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்றடைகிறது. மணிக்கட்டு மிகவும் வளைந்திருந்தால் இத்தசைநாண்களின் உராய்வு கூடி, அதே அசைவுக்கு அதிக முயற்சி தேவைப்படும்.

மீட்டும் அசைவு விரல் உள்ளங்கையுடன் சேரும் பெரிய மூட்டிலிருந்து தொடங்குவது நல்லது. நுனி மூட்டை மட்டும் கொக்கி போல் வளைத்து இழுத்தால் தந்தி மேல்நோக்கித் தூக்கப்பட்டு மெல்லிய, கூர்மையான ஒலி எழும்.

மீட்டும் முறைகள்

அடிப்படை மீட்டுகள் இரண்டு ஆகும்.

சாய்வு மீட்டு: எசுப்பானியத்தில் இது அபொயாந்தோ எனப்படும். தந்தியை மீட்டிய விரல் அடுத்த தாழ்தந்தியில் சாய்ந்து நிற்கும். தந்தி ஒலிப்பலகையை நோக்கி அழுத்தப்பட்டு விடுவிக்கப்படுவதால் ஒலி பெரிதாகவும் நிறைவாகவும் அமையும். மெல்லிசை வரிகளுக்கும் வேகமான சுரவரிசைகளுக்கும் இது ஏற்றது.

தனி மீட்டு: இது திராந்தோ எனப்படும். மீட்டிய விரல் அடுத்த தந்தியைத் தொடாமல் அதற்கு மேலாக உள்ளங்கையை நோக்கிச் செல்லும். பல தந்திகள் ஒருசேர ஒலித்துக்கொண்டிருக்க வேண்டிய இடங்களில் சாய்வு மீட்டு அண்டைத் தந்தியின் ஒலியை நிறுத்திவிடும் என்பதால், அங்கு தனி மீட்டே பயன்படுகிறது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலக்கை நுட்பம் குறித்து ஒருமித்த கருத்து இருக்கவில்லை. எசுப்பானியரான பெர்னான்தோ சோர் (1778–1839) நகமின்றி விரல்நுனியால் வாசித்தார். 1830இல் பாரிசில் வெளிவந்த தம் பயிற்சி நூலில் அவர் பு, இ, மெ ஆகிய மூன்று விரல்களுக்கே முதன்மை தந்தார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மீட்டி மிக வேகமாகச் செல்லும் வரிசைகளை அவர் தம் நோக்கமாகக் கொள்ளவில்லை. அவருடைய நண்பர் தியோனீசியோ அகுவாதோ (1784–1849) நகங்களைப் பயன்படுத்தினார். விரைவும் தெளிவும் மிக்க வாசிப்புக்குப் பெயர் பெற்றவர். இவ்விருவரும் இணைந்து வாசிப்பதற்காகச் சோர் இயற்றிய இருவர் இசைக்கு "இரு நண்பர்கள்" என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது.

இதே விவாதம் பிரான்சிசுக்கோ தாரெகாவின் (1852–1909) மாணவர்களிடையேயும் தொடர்ந்தது. தாரெகா தம் இறுதிக் காலத்தில் நகத்தைக் கைவிட்டார். அவருடைய மாணவர்களுள் எமிலியோ புஜோல் (1886–1980) நகமற்ற வாசிப்பைப் பின்பற்றினார். மிகேல் யோபெத் (1878–1938) நகத்துடன் வாசித்தார். பின்னர் ஆந்திரேசு செகோவியா (1893–1987) தசையும் நகமும் அடுத்தடுத்துத் தந்தியைத் தொடும் முறையை உலகெங்கும் பரவச் செய்தார். 1940களில் விலங்குக் குடல்நாண்களுக்குப் பதிலாக நைலான் தந்திகள் வந்தன. இன்று பெரும்பாலான கலைஞர்கள் தசையும் நகமும் சேர்ந்த முறையையே கையாளுகின்றனர். நகத்தின் விளிம்பு வழவழப்பாகத் தீட்டப்பட்டிருந்தால் தந்தி அதில் தடையின்றி வழுக்கிச் செல்லும். கொக்கி போன்ற நகம் தந்தியைப் பற்றிக்கொண்டு விரலின் வேகத்தைக் குறைக்கும்.

வேகத்தின் இயக்கமுறை

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் தன்மை தெளிவாகும். மெட்ரோனோம் எனப்படும் தாளமானி நிமிடத்திற்கு 120 அடிகள் அடிக்க, அடிக்கு நான்கு சுரங்கள் வாசிக்கப்படுவதாகக் கொள்வோம். அப்போது நொடிக்கு 8 சுரங்கள் ஒலிக்கும். இரு சுரங்களுக்கு இடைப்பட்ட நேரம் 0.125 நொடி. எனினும் ஒரே விரல் அனைத்தையும் மீட்டுவதில்லை.

- இரு விரல்கள் மாறி மாறி மீட்டினால் ஒவ்வொரு விரலுக்கும் 0.25 நொடி கிடைக்கும்.
- மூன்று விரல்கள் சுழற்சியாக மீட்டினால் 0.375 நொடி கிடைக்கும்.
- நான்கு விரல்கள் பங்கெடுத்தால் 0.5 நொடி கிடைக்கும்.

அந்நேரத்திற்குள் விரல் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: தந்தியை மீட்டுவது, தொடங்கிய இடத்திற்குத் திரும்புவது. முதல் வேலையை மாணவர்கள் கவனிக்கின்றனர். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. மீட்டிய பின்னும் மடக்கும் தசை இறுகியே இருந்தால், நீட்டும் தசை அதை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகும் இந்நிலையில் கை விறைப்படைந்து, எவ்வளவு முயன்றாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் செல்வதில்லை. ஆகவே, மீட்டு என்பது ஒரு சிறு உந்தலும் அதைத் தொடரும் உடனடித் தளர்வும் சேர்ந்தது என்று பழக வேண்டும்.

மோதிரவிரலின் தனித்தன்மையும் இங்கு குறிப்பிடத்தக்கது. அதை நீட்டும் தசைநாண் புறங்கையில் அண்டை விரல்களின் தசைநாண்களுடன் இணைப்பிழைகளால் பிணைக்கப்பட்டுள்ளது. அதனால் மோதிரவிரலைத் தனியாக உயர்த்துவது கடினம். இது உடலமைப்பின் விளைவு. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அப்பிணைப்பு நீங்குவதில்லை. அண்டை விரல்களுடன் ஒத்துழைத்து இயங்க அதைப் பழக்குவதே பயன் தரும்.

மாறி மாறி மீட்டலும் தந்தி மாறுதலும்

சுரவரிசைகள் பெரும்பாலும் இ–மெ என மாறி மாறி மீட்டப்படுகின்றன. ஒரு விரல் மீட்டும் அதே கணத்தில் மற்றது நீள வேண்டும். நடப்பவரின் கால்கள் போல் இவ்விரு அசைவுகளும் ஒரே செயலாக அமையும்போது வாசிப்பு சீராகும்.

ஒரே தந்தியில் வேகமாக வாசிப்பவரும் தந்தி மாறும் இடத்தில் தடுமாறுவதுண்டு. கையின் இயல்பு நிலையில் நடுவிரல் சுட்டுவிரலை விட உயர்ஒலித் தந்தியின் பக்கம் அமைந்துள்ளது. எனவே உயர்தந்திக்கு மாறும்போது 'இ'க்குப் பின் 'மெ' வருவது எளிது. தாழ்தந்திக்கு மாறும்போது 'மெ'க்குப் பின் 'இ' வருவது எளிது. எதிர்முறையில் வந்தால் விரல்கள் பின்னிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, தந்திக்கு நான்கு சுரங்கள் கொண்ட ஏறு வரிசையை 'இ'யில் தொடங்கினால் ஒவ்வொரு மாற்றமும் கடினமானதாகவே அமையும். அதையே 'மெ'யில் தொடங்கினால் அனைத்தும் எளிய மாற்றங்களாகிவிடும். தந்திக்கு மூன்று சுரங்கள் எனில் எளிய மாற்றமும் கடின மாற்றமும் அடுத்தடுத்து வரும். அங்கு இடையில் ஒரு விரலை மாற்றுவதோ, ஒரு சுரத்தை இடக்கையால் மட்டும் ஒலிக்கச் செய்வதோ தீர்வாகலாம். இவ்வாறு ஒரு பகுதியின் வேகம், வாசிக்கத் தொடங்குமுன் பென்சிலால் குறிக்கப்படும் விரல் ஒழுங்கிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மூன்று விரல்களைச் சுரவரிசைக்குப் பயன்படுத்தும் அ–மெ–இ முறையும் உண்டு. எசுப்பானியக் கலைஞர் நார்சிசோ யேபெசு (1927–1997) இம்முறையைக் கையாண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பிளமேன்கோ இசையில் இ–மெ சாய்வு மீட்டால் வாசிக்கப்படும் அதிவேகச் சுரவரிசைகள் பிக்காதோ எனப்படுகின்றன. இதில் புகழ்பெற்ற பாக்கோ தெ லூசியா (1947–2014), 1991இல் உவாக்கின் ரோத்ரிகோவின் அரான்குவெசு இசைக்கோவையை வாசித்தார். 1939இல் இயற்றப்பட்ட இக்கோவையின் விரைவான சுரவரிசைகள் இன்றும் வலக்கைத் திறனுக்கு ஓர் அளவுகோலாக உள்ளன.

முன்னமர்த்தலும் அர்பெஜியோவும்

ஒரு சுரக்கூட்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்வது அர்பெஜியோ ஆகும். இதற்கு உதவும் உத்தி முன்னமர்த்தல், அதாவது மீட்டுவதற்கு முன்பே விரலைத் தந்தியில் வைத்துக்கொள்வது. இது இருவகைப்படும்.

- முழு முன்னமர்த்தல்: பு மீட்டும்போது இ, மெ, அ மூன்றும் ஒருசேரத் தத்தம் தந்திகளில் அமர்கின்றன. பு–இ–மெ–அ போன்ற ஏறு வடிவங்களுக்கு இது ஏற்றது.
- தொடர் முன்னமர்த்தல்: ஒரு விரல் மீட்டும் கணத்தில் அடுத்த விரல் மட்டும் அமர்கிறது. பு–அ–மெ–இ போன்ற இறங்கு வடிவங்களுக்கு இது பயன்படும்.

இத்தாலியரான மௌரோ சூலியானி (1781–1829) தம் முதலாம் எண் படைப்பில் 120 வலக்கைப் பயிற்சிகளைத் தந்துள்ளார். இது 1812இல் வியன்னாவில் வெளிவந்தது. இப்பயிற்சிகளில் இடக்கை சி பெருஞ்சுரக்கூட்டு, ஜி ஏழாம் சுரக்கூட்டு ஆகிய இரண்டை மட்டுமே மாற்றி மாற்றிப் பிடிக்கிறது. இடக்கையின் வேலை இவ்வாறு மிகக் குறைவாக இருப்பதால் கவனம் முழுவதும் வலக்கையின் மீது செல்கிறது. ஒரு நேரத்தில் ஒரே சிக்கலை மட்டும் பிரித்தெடுத்துத் தீர்க்கும் இவ்வணுகுமுறையால் இப்பயிற்சிகள் இன்றும் வழக்கில் உள்ளன. ஏய்தோர் வில்லா-லோபோசின் 12 பயிற்சியிசைகளுள் முதலாவது, இதன் மேம்பட்ட நிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ட்ரெமோலோ

ஒரே சுரத்தை அ–மெ–இ விரல்களால் விரைந்து மீட்டி, தொடர்ந்து நீளும் ஒலி போன்ற தோற்றத்தை உண்டாக்குவது ட்ரெமோலோ ஆகும். பெருவிரல் தாழ்சுரங்களை வாசிக்க, முழு வடிவம் பு–அ–மெ–இ என அமையும். தாரெகாவின் அல்லம்பிரா நினைவுகள் இதற்குப் பெயர்பெற்ற படைப்பு.

மேற்கண்ட கணக்கின்படி, ட்ரெமோலோவில் ஒவ்வொரு விரலுக்கும் கிடைக்கும் நேரம் அதிகம். எனவே இங்கு முதன்மையான சிக்கல் நான்கு சுரங்களின் சமநிலையே. அ–மெ–இ மூன்றும் நெருங்கி விழுந்து, 'பு'வுக்கு முன் இடைவெளி தோன்றினால் குதிரைப் பாய்ச்சல் போன்ற ஒலி எழும். மெதுவாக, சம இடைவெளியில், அழுத்தத்தை ஒவ்வொரு விரலுக்கும் மாற்றி மாற்றித் தந்து பழகுவது இக்குறையை நீக்கும். முதல் தந்தியை விட இரண்டாம் தந்தியில் பழகுவது கடினமானது. இருபுறமும் தந்திகள் இருப்பதால் அசைவு சிறிதாக இருந்தே ஆக வேண்டும்.

பயிற்சி முறைகள்

- திறந்த தந்திகளில் பழகுதல்: இடக்கையைப் பயன்படுத்தாமல் வலக்கையின் விரல் ஒழுங்கை மட்டும் வாசித்தல்.
- நறுக்கு வாசிப்பு: ஒரு சுரம் ஒலித்தவுடன் அடுத்த விரலை அதே தந்தியில் வைத்து ஒலியை நிறுத்துதல். வாசிக்கும் வேகம் மெதுவாக இருந்தாலும், விரல் தயாராகும் வேகம் விரைவாகிறது.
- குறுவீச்சு: நான்கைந்து சுரங்களை மட்டும் இலக்கு வேகத்தில் வாசித்து, உடனே நின்று கையைத் தளர்த்துதல். இறுக்கம் சேர்வதற்கு முன்பே வீச்சு முடிந்துவிடும். பின்னர் படிப்படியாகச் சுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்.
- தாள மாற்றம்: சம நீளச் சுரங்களை நெடில்–குறில், குறில்–நெடில் என மாற்றி வாசித்தல்.
- தாளமானி: ஒலி தெளிவாகவும் கை தளர்வாகவும் இருக்கும் வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துதல்.

மெதுவான பயிற்சி மட்டும் போதுமானதன்று. மெதுவாக வாசிக்கும்போது விரல்கள் பெரிய அசைவுகளைச் செய்ய நேரம் கிடைக்கிறது. அவ்வசைவுகள் வேகத்தில் பொருந்துவதில்லை. எனவே மெதுவான வாசிப்பும் குறுவீச்சும் இணைந்தே பயிலப்படுகின்றன.

உடல்நலப் பாதிப்புகள்

இறுக்கத்துடன் நீண்ட நேரம் பயில்வது தசைநாண் அழற்சி, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுதல் போன்றவற்றுக்கு வழிவகுக்கலாம். வலி, மரத்துப்போதல், விரல் விறைப்பு ஆகியன தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதால் வேகம் வளர்வதில்லை.

இசைக்கலைஞர்களைத் தாக்கும் மற்றொரு கோளாறு குவிய தசைப்பிடிப்பு ஆகும். இதில் வலி இல்லாமலேயே, வாசிக்கும்போது மட்டும் விரல் தன்னிச்சையாக மடங்கிக்கொள்ளும். இது மூளை அசைவுகளைக் கட்டுப்படுத்தும் முறையோடு தொடர்புடையது. அமெரிக்கக் கித்தார் கலைஞரும் இசையமைப்பாளருமான தேவிட் லைசுனர் இக்கோளாற்றால் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். தோள், மேற்கை ஆகியவற்றின் பெருந்தசைகளின் துணையுடன் மீட்டும் முறையை வகுத்துக்கொண்டு, அவர் மீண்டும் மேடைக்குத் திரும்பினார். அனைவருக்கும் இத்தகைய மீட்சி வாய்ப்பதில்லை. ஆகவே தளர்வைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே பழகுவது, வேகத்திற்கு மட்டுமன்றி நெடுங்கால வாசிப்புக்கும் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

- கித்தார்
- பிளமேன்கோ
- ஆந்திரேசு செகோவியா
- பிரான்சிசுக்கோ தாரெகா